ஒரு சதவீதமா, பாதிக்கு மேலா?

சூடோமோனாசு எருஜினோசா என்னும் பற்றீரியாவின் முழுமையான பரம்பரைத் தொகுதி (ஜீனோம்) 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ 63 இலட்சம் காரச் சோடிகளும் 5,570 பரம்பரையலகுகளும் (ஜீன்களும்) கொண்ட அது, அந்நாள் வரை வாசித்து முடிக்கப்பட்டிருந்த பற்றீரியத் தொகுதிகளுள் மிகப் பெரியதாக இருந்தது. அடுத்த ஆண்டிலேயே மார்வின் வைட்லி, பீட்டர் கிரீன்பேர்க் ஆகியோரின் குழு, நீரில் தனித்து நீந்தும் இப்பற்றீரியாவையும் ஒரு பரப்பில் ஒட்டி, பசைக்குள் கூட்டமாக வாழும் உயிர்ப்படலமாக வளர்ந்த அதே பற்றீரியாவையும் ஒப்பிட்டு, செயற்பாட்டில் தெளிவாக வேறுபட்டவை 73 பரம்பரையலகுகள் மட்டுமே என அறிவித்தது. மொத்தத்தில் அது ஒரு சதவீதம். 2002இல் கரின் சாவரும் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலரும் அதே இனத்தின் புரதங்களை ஆராய்ந்து, முதிர்ந்த படலத்தில் 800க்கு மேற்பட்ட புரதங்களின் அளவு ஆறு மடங்கோ அதற்கு மேலோ மாறியிருந்ததாகவும், தங்களால் கண்டறிய முடிந்த புரதங்களில் அது பாதியை விஞ்சியது என்றும் எழுதினர்.

ஒரே இனம், ஏறத்தாழ ஒரே கேள்வி, ஓராண்டு இடைவெளி. விடைகளோ ஒரு சதவீதமும் ஐம்பது சதவீதத்துக்கு மேலும். கொழும்பில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்துகொண்டு, மாலையில் வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் மாணவருக்கு வகுப்பும் எடுக்கும் எனக்கு, இந்த இரண்டு எண்களும் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தன. இரண்டில் ஒன்று பிழை என்று தள்ளிவிடுவது எளிது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், “உயிர்ப்படலத்தில் எந்தப் பரம்பரையலகுகள் இயங்குகின்றன” என்ற கேள்வியே குறையுடையது என்பது தெரியவரும். படலத்தின் எந்த வயதில், எந்த ஆழத்தில், எதனோடு ஒப்பிட்டு என்று சொல்லாதவரை அதற்கு விடை இல்லை. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

உயிர்ப்படலம் நமக்குப் புதியதன்று. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், களனி ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தலை நிலையத்திலிருந்தும் வரும் குழாய்நீர், அடுக்குமாடியின் உச்சியிலுள்ள பிளாஸ்டிக் தாங்கியில் தங்கி, வெயிலில் சூடேறி, குளோரீனை மெல்ல இழக்கிறது. அத்தாங்கியின் உட்சுவரை விரலால் தடவினால் வழுவழுப்பாகக் கையில் ஒட்டுவது அதுதான். பல்லில் படியும் காறையும், வைத்தியசாலையில் நாட்கணக்கில் பொருத்தி வைக்கப்பட்ட சிறுநீர் வடிகுழாயின் உட்பரப்பில் படிவதும் அதுவே. பரப்பொன்றில் ஒட்டிய பற்றீரியக் கலங்கள், தாமே சுரந்த பல்சக்கரைட்டு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றாலான பிசுபிசுப்பான தாயத்துக்குள் புதைந்து கூட்டாக வாழும் நிலையே உயிர்ப்படலம் எனப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே லேவன்குக், தம் பல்லில் படிந்திருந்த காறையை வினாகிரியில் இட்டபோது வெளிப்புறத்து உயிர்கள் மாத்திரமே மடிந்ததைக் கவனித்து எழுதியிருக்கிறார். உள்ளே இருப்பவை தப்பிவிடுகின்றன என்ற செய்தி, அதன் பொருள் விளங்குவதற்கு மிக முன்னரே பதிவாகிவிட்டது.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். சாவரின் குழு படலத்தின் வாழ்வைக் கட்டங்களாகப் பிரித்தது. நீந்தும் கலம் பரப்பில் தொட்டும் விட்டும் ஒட்டுவது, பிறகு விடாமல் ஒட்டுவது, ஏறத்தாழ மூன்றாம் நாளில் திரள்கள் தோன்றுவது, ஆறாம் நாளில் அவை முழு உயரத்தை எட்டுவது, ஒன்பதாம் நாளளவில் திரள்களின் உள்ளிருந்து கலங்கள் மீண்டும் நீந்தத் தொடங்கி வெளியேறுவது என்பன அக்கட்டங்கள். அவர்கள் சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 800 என்ற எண் அன்று. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் புரதங்களின் தொகுதி மீண்டும் மீண்டும் மாறியது என்பதே. ஒரு மாற்றம் நிகழ்ந்து பிறகு நிலைத்துவிடவில்லை. ஆகவே முதல் நாள் படலத்தை எடுத்தவரும் ஆறாம் நாள் படலத்தை எடுத்தவரும் “உயிர்ப்படலம்” என்ற ஒரே பெயரின் கீழ் இரு வேறு நிலைகளையே அளந்திருப்பார்கள்.

மாற்றம் எத்துணை விரைவாகத் தொடங்குகிறது என்பதற்கு 1995இல் டேவிட் டேவிஸும் கில் கீசியும் வெளியிட்ட அவதானிப்பு நல்ல சான்று. கண்ணாடியில் ஒட்டிய சூடோமோனாசுக் கலங்களில் அல்க்-சி என்ற பரம்பரையலகு, ஒட்டிய 15 நிமிடங்களுக்குள்ளேயே விழித்துக்கொண்டதை அவர்கள் கண்டனர். அது அல்ஜினேற்று என்னும் பல்சக்கரைட்டின் ஆக்கத்துக்கு வேண்டிய நொதியத்தைத் தருவது என்பதால், படலத்தின் பசை அல்ஜினேற்றுத்தான் என்று பலரும் சில காலம் எண்ணிக்கொண்டிருந்தனர். பின்னர், ஆய்வுகூடங்களில் வழக்கமாகப் பயன்படும் இரகங்களின் படலத்தில் அல்ஜினேற்றுக்குப் பெரிய பங்கில்லை என்பதும், பெல், பி.எஸ்.எல். என்ற வேறு இரு பல்சக்கரைட்டுகளே அங்கு முதன்மையானவை என்பதும் தெரியவந்தது. அல்க்-சியின் நொதியம் பி.எஸ்.எல். ஆக்கத்துக்கும் வேண்டியது, எனவே அது 15 நிமிடத்தில் விழித்ததில் வியப்பில்லை. ஒரு பரம்பரையலகு இயங்குகிறது என்பதைக் கண்டவுடன் அது எதற்காக இயங்குகிறது என்பதையும் கண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும் அவசரம் இத்துறையில் இன்றும் ஓயவில்லை.

பரப்பைத் தொட்ட செய்தி கலத்தின் உள்ளே எப்படிப் போகிறது? இங்கேதான் விடயம் சுவையாகிறது. 1987இல் யெருசலேமில் மோஷே பென்சிமானின் குழு, செலுலோசைச் சுரக்கும் ஒரு பற்றீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, செலுலோசு ஆக்கும் நொதியத்தைத் தூண்டும் சிறிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடித்தது. சைக்கிளிக்-டை-ஜி.எம்.பி. என்ற அம்மூலக்கூறு நெடுங்காலம் செலுலோசைப் பற்றிய ஒரு குறிப்பாக மட்டுமே கிடந்தது. பிறகு பற்றீரியத் தொகுதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டபோது, அதை ஆக்கும் நொதியங்களும் அதைச் சிதைக்கும் நொதியங்களும் எங்கு பார்த்தாலும் இருந்தன. சூடோமோனாசு எருஜினோசாவில் மட்டும் அவ்வகைப் புரதங்கள் ஏறத்தாழ நாற்பது உள்ளன. கலத்தினுள் இதன் அளவு தாழ்ந்திருந்தால் நீந்தும் வாழ்வு, உயர்ந்திருந்தால் ஒட்டி வாழும் வாழ்வு என்பது பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்துகிறது.

இம்மூலக்கூறு பரம்பரையலகுகளை மாற்றும் விதத்துக்கு ஓர் உதாரணம், ஃபிளெக்-கியூ என்னும் ஒழுங்காக்கிப் புரதம். சைக்கிளிக்-டை-ஜி.எம்.பி. குறைவாக இருக்கும்போது அது நீந்த உதவும் சவுக்குமுளைக்கு வேண்டிய பரம்பரையலகுகளைத் தூண்டுகிறது, பெல் பல்சக்கரைட்டுக்கு உரியவற்றை அடக்கி வைக்கிறது. பரப்பைத் தொட்ட பிறகு டபிள்யூ.எஸ்.பி. என்ற உணர்வுத்தொகுதி தூண்டப்பட்டு, சைக்கிளிக்-டை-ஜி.எம்.பி.யின் அளவு ஏறுகிறது; அது ஃபிளெக்-கியூவுடன் பிணைந்ததும் அதே புரதம் மறுபக்கம் சாய்ந்து, சவுக்குமுளையின் பரம்பரையலகுகளைத் தளர்த்திவிட்டு பெல்லின் பூட்டைத் திறக்கிறது. நீந்துவதற்கும் ஒட்டுவதற்கும் தனித்தனிப் பொறுப்பாளர் இல்லை என்பதை மாணவருக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஏற்படும் குழப்பம் எனக்குப் பிடிக்கும்.

சென்ற மாதத்து வகுப்பில் ஒருவன் கேட்டான்: “மிஸ், அப்ப உயிர்ப்படலத்துக்கெண்டு தனியாப் பரம்பரையலகு எண்டு ஒண்டும் இல்லையா?”

“பசையைச் சுரக்கிறதுக்கு இருக்குது தம்பி. ஆனா அது எப்ப திறக்குது, எங்க திறக்குது எண்டதையும் சேர்த்துக் கேட்டாத்தான் விடை வரும்” என்றேன்.

பரீட்சைத் தாளில் அப்படி எழுதினால் புள்ளி கிடைக்குமா என்பது அவனுடைய அடுத்த கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

2001ஆம் ஆண்டின் ஒரு சதவீதத்துக்கு இனி வருவோம். அக்குழு முதிர்ந்த படலத்தை எடுத்து, பரம்பரையலகின் செய்தியைப் புரதம் ஆக்குவதற்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ.யை மட்டும் அளந்தது. பற்றீரியாவிலோ தூது ஆர்.என்.ஏ.க்கும் புரதத்துக்கும் இடையில் வேறு காவல்களும் உண்டு. ஆர்.எஸ்.எம்.-ஏ என்னும் சிறு புரதம், பி.எஸ்.எல். பல்சக்கரைட்டுக்கான தூது ஆர்.என்.ஏ.யின் மேல் அமர்ந்து அதிலிருந்து புரதம் ஆக்கப்படுவதைத் தடுத்துவிடும். ஆர்.எஸ்.எம்.-வை, ஆர்.எஸ்.எம்.-இசெட் என்ற இரு சிறிய ஆர்.என்.ஏ.க்கள் பெருகும்போது அவை அந்தப் புரதத்தைத் தம்மிடம் இழுத்துப் பிடித்துக்கொள்ள, தடை நீங்குகிறது. இத்தகைய இடத்தில் தூது ஆர்.என்.ஏ.யின் அளவு பெரிதாக மாறாமலே புரதத்தின் அளவு மாறக்கூடும், ஆர்.என்.ஏ.யை மட்டும் எண்ணியவர் கண்ணில் அது படாது. புரதங்களைத் தட்டில் பிரித்துப் பார்த்தவர் கண்ணில் படும். இரு எண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தின் ஒரு பகுதி இது.

இன்னொரு பகுதி, எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது. குடுவையில் விரைந்து பெருகிக்கொண்டிருக்கும் கலங்களோடு ஒப்பிட்டால், படலத்தில் மெதுவாக வளர்வதால் மட்டுமே மாறும் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளும் வேறுபாட்டுப் பட்டியலில் ஏறிவிடும். ஏற்கனவே பட்டினியில் ஓய்ந்துபோன கலங்களோடு ஒப்பிட்டால் அவை பட்டியலிலிருந்து மறைந்துவிடும். எத்தனை மடங்கு மாறினால் அதை மாற்றம் என்று கொள்வது என்பதிலும் ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு கோடு கிழித்துக்கொள்கிறது. 2001ஆம் ஆண்டின் அந்தச் சிறிய பட்டியலிலும் ஒரு வியப்பு இருந்தது. படலத்தில் மிகக் கூடுதலாகத் தூண்டப்பட்டிருந்தவை பற்றீரியாவின் சொந்தப் பரம்பரையலகுகள் அல்ல. அதன் தொகுதிக்குள் பதுங்கியிருந்த, இழை போன்ற ஒரு பற்றீரிய வைரசினுடையவை. அந்த வைரசுகள் சில கலங்களைக் கொன்று திரள்களுக்குள் வெளிகளை உண்டாக்குவதும், அவற்றின் இழைகள் தாயத்தை ஒழுங்குபடுத்தி இறுக்குவதும் பின்வந்த ஆய்வுகளில் தெரியவந்தன. 73 என்ற எண்ணைச் சிறியது என்று புறக்கணித்தவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் சராசரிதான். படலத்தைச் சுரண்டி எடுத்து, கலங்களை உடைத்து, ஆர்.என்.ஏ. முழுவதையும் ஒரே குழாயில் இட்டு அளப்பது, செல்வந்தர் வாழும் கறுவாத்தோட்டத்தையும் வறியோர் மிகுந்த கிராண்ட்பாஸையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துக் கொழும்பு மாநகரத்தின் குடும்ப வருமானம் இதுதான் என்று சொல்வதைப் போன்றது. வரும் எண் கணக்கில் சரியாகவே இருக்கும். அந்த எண்ணுக்குரிய வீடு இரண்டு இடத்திலும் அரிதாகவே அகப்படும்.

படலத்தின் மேற்பரப்பிலுள்ள கலங்கள் ஒட்சிசனை உண்டு தீர்த்துவிடுவதால், சூடோமோனாசுப் படலங்களில் அது பெரும்பாலும் மேலிருந்து சில பத்து மைக்குரோமீற்றர் ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. 2008இல் மொன்டானாவில் மைக்கேல் ஃபிராங்ளினின் குழு, படலத்தை மெல்லிய துண்டுகளாகச் சீவி, லேசர் கதிரால் மேற்பட்டையையும் அடிப்பட்டையையும் தனித்தனியே வெட்டியெடுத்து ஆர்.என்.ஏ.யை அளந்தது. தூது ஆர்.என்.ஏ. மேற்பட்டையில் நிறைந்திருந்தது, அடியில் மிகச் சொற்பம். 2012இல் அதே முறையைக் கொண்டு முழுத்தொகுதியையும் பார்த்தபோது, மேற்பட்டைக் கலங்கள் பிரிந்து பெருகிக்கொண்டும், ஒட்சிசன் தட்டுப்பாட்டுக்கு ஈடுகொடுக்கும் பரம்பரையலகுகளை இயக்கிக்கொண்டும் இருந்தன. அடிப்பட்டைக் கலங்களில் எஞ்சியிருந்த தூது ஆர்.என்.ஏ.க்களுள், புரதம் ஆக்கும் இறைபோசோம்களை உறங்க வைத்துப் பாதுகாக்கும் புரதங்களுக்கானவை முனைப்பாகத் தெரிந்தன. டொப்ராமைசின், சிப்ரொஃப்ளொக்சசின் ஆகிய நுண்ணுயிர்கொல்லி மருந்துகளுக்குத் தாக்குப்பிடித்தவை இந்த உறங்கும் கலங்களே.

இதை வாசித்த பிறகு, ஒரு படலத்தின் சராசரி ஆர்.என்.ஏ. என்பது பெரும்பாலும் மேற்பட்டையின் குரல்தான் என்பது விளங்கும். மருந்துக்குத் தப்பிப் பிழைத்து நோயாளியின் உடலில் மீண்டும் தொற்றைக் கிளப்பும் கலங்கள் அந்தச் சராசரிக்கு அளிக்கும் பங்கு மிகவும் குறைவு, ஏனெனில் அவை ஏறக்குறைய எதையும் பேசாமல் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் நாம் அதிகம் அறிய வேண்டியிருக்கிறது.

2021இல் கலிஃபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தில் டயான் நியூமனும் லோங் சாயும் அவர்களது கூட்டாளிகளும் இன்னும் ஒரு படி சென்றனர். படலத்தைக் கலைக்காமல் வைத்தபடியே, ஒளிரும் குறிகளைச் சுற்றுச் சுற்றாக மாற்றிப் பூசி, ஒவ்வொரு தனிக் கலத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளின் தூது ஆர்.என்.ஏ.யை நுணுக்குக்காட்டியில் எண்ணும் முறை அது. சில மைக்குரோமீற்றர் இடைவெளிக்குள்ளேயே அயல்கலங்கள் வேறு வேறு அனுசேபத்தில் ஈடுபட்டிருப்பது அதில் கண்கூடாகத் தெரிந்தது. மேல், கீழ் என்று இரண்டு பட்டைகளாகப் பிரிப்பதும் ஒரு சுருக்கமே.

இத்தகைய கருவிகள் இங்கே இல்லை. நான் அன்றாடம் பயன்படுத்துவது 96 குழித் தட்டும் கிறிஸ்டல் வயலற்றுச் சாயமும். குழியில் வளர்த்து, கழுவி, சாயமூட்டி, ஒட்டியிருப்பதன் அளவை நிறத்தின் செறிவால் அளக்கும் அந்த முறையைக் கொண்டுதான் 1998இல் ஜோர்ஜ் ஓ’டூலும் ரொபர்ட்டோ கோல்ட்டரும் பரம்பரையலகு மாறியதால் ஒட்ட இயலாத விகாரிகளைச் சலித்தெடுத்து, சவுக்குமுளையும் நான்காம் வகைப் பிலி இழைகளும் தொடக்கத்தில் தேவை என்று காட்டினர். மலிவான முறையென்று சிலர் அதை இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்தவர் கையில் அது இன்றும் நல்ல கருவி. எத்துணை ஒட்டியிருக்கிறது என்பதை அது சொல்லும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது.

உள்ளே நடப்பதை அறிய ஆர்.என்.ஏ. வேண்டும், அதுவோ பொறுமையற்ற பொருள். பற்றீரியத் தூது ஆர்.என்.ஏ.யில் பெரும்பாலானவை சில நிமிடங்களிலேயே பாதியாகச் சிதைந்துவிடுகின்றன. படலத்தைச் சுரண்டவும், கழுவவும், சுழற்றவும் எடுக்கும் நேரத்துக்குள் கலங்கள் தாம் பரப்பிலிருந்து பெயர்க்கப்பட்டதை உணர்ந்து தம் செயற்பாட்டை மாற்றத் தொடங்கிவிடும். ஆகவே சிதைவை நிறுத்தும் கரைசலை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகே தொட வேண்டும். எடுத்த ஆர்.என்.ஏ.யிலும் மிகப் பெரும் பங்கு இறைபோசோமுக்குரியது. நம் கலங்களின் தூது ஆர்.என்.ஏ.யைப் போல வால்முனையைப் பிடித்துப் பிரித்தெடுக்கும் வசதி பற்றீரியாவில் இல்லாததால், வேண்டாததைக் கழிப்பதற்கென்றே விலையுயர்ந்த சோதனைப் பொதிகள் வாங்க வேண்டியிருக்கிறது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மறை 80 பாகை உறைபெட்டிகளை வைத்திருந்தவர்கள் எத்தகைய கவலையில் இருந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதன்பின் இறக்குமதி இரசாயனங்களின் விலை ஏறிய ஏற்றமும் சேர்ந்து, ஒரு மாதிரியை மூன்று முறை செய்ய வேண்டிய இடத்தில் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளும் சபலத்தைப் பலருக்கும் உண்டாக்கியது. ஒரே மாதிரியிலிருந்து வந்த பரம்பரையலகுப் பட்டியலை நான் நம்புவதில்லை, அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும்.

சூடோமோனாசை விட்டு வேறு இனங்களுக்குப் போனால் படம் இன்னும் விரிகிறது. மண்ணில் வாழும் பசிலசு சப்டிலிசில், சின்-ஆர் என்ற அடக்கிப் புரதம் தாயத்துக்குரிய பரம்பரையலகுகளைப் பூட்டி வைத்திருக்கிறது; ஸ்பூ-0-ஏ என்ற ஒழுங்காக்கி ஓரளவு தூண்டப்பட்டதும், சின்-ஐ என்ற எதிர்ப்புரதம் பிறந்து சின்-ஆரைப் பிணித்துவிட, பூட்டுத் திறக்கிறது. ஆனால் அது எல்லாக் கலங்களிலும் திறப்பதில்லை. 2008இல் கோல்ட்டரின் ஆய்வுகூடத்தில் ஹேரா விளமாக்கிசும் பிறரும் வெவ்வேறு நிறங்களில் ஒளிரும் குறிகளைக் கொண்டு பார்த்தபோது, ஒரே தாய்க்கலத்திலிருந்து வந்த படலத்தில் நீந்துவோரும், தாயம் சுரப்போரும், வித்தி ஆக்குவோரும் வேறு வேறு இடங்களில் இருந்தனர். நாட்கள் செல்லச் செல்ல அந்த இடங்களும் மாறின. பரம்பரைத் தொகுதி ஒன்றே, வயதும் ஒன்றே. இருந்தும் தொழில் வேறு.

2021இல் சாகிரேபைச் சேர்ந்த தோமிஸ்லாவ் தொமாசெத்-லோஷோவின் குழு, இதே இனத்தின் படலத்தை ஆறு மணித்தியாலம் முதல் இரண்டு மாதம் வரை பல வயதுகளில் எடுத்து, பரம்பரையலகுகளின் செயற்பாட்டைக் கூர்ப்பு (பரிணாம) வரலாற்றோடு பொருத்திப் பார்த்தது. படலம் முதிர முதிர, கூர்ப்பில் பிந்தித் தோன்றிய பரம்பரையலகுகளின் பங்கு கூடிக்கொண்டு போவதாகவும், கட்டங்கள் விலங்கு முளையத்தின் வளர்ச்சியை ஒத்த ஒழுங்கில் அமைவதாகவும் அவர்கள் கூறினர். அந்தத் தரவு அருமையானது. ஒரே படலத்தை இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்தவர்கள் குறைவு. முளையம் என்ற ஒப்புமையை மட்டும் நான் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறேன். முளையத்தின் கட்டங்கள் வெளிச்சூழல் எப்படியிருப்பினும் பெரும்பாலும் தம் வரிசை தவறுவதில்லை. படலத்தின் கட்டங்களோ உணவும் நீரோட்டமும் மாறினால் மாறிவிடும்.

அதற்குச் சூடோமோனாசிலேயே சான்றுண்டு. 1998இல் டேவிசும் கூட்டாளிகளும், கலங்கள் தம் எண்ணிக்கையை அறிந்துகொள்ள வெளியிடும் சமிக்ஞையை ஆக்க முடியாத லாஸ்-ஐ விகாரிகள் தட்டையான, மெலிந்த படலத்தையே உண்டாக்கின எனவும், சவர்க்காரச் சத்தொன்றைச் சேர்த்ததும் அது கலைந்துவிட்டது எனவும் காட்டினர். ஆகவே சமிக்ஞை இன்றேல் முதிர்ச்சி இல்லை என்று பாடநூல்கள் எழுதின. பின்வந்த ஆய்வுகளில், கொடுக்கும் காபன் உணவை மாற்றியபோது அதே வகை விகாரிகளுக்கும் இயல்பான கலங்களுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கியது. வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ கொலரேயிலோ நிலைமை தலைகீழ். கூட்டம் பெருகியதும் ஹாப்-ஆர் என்ற ஒழுங்காக்கி எழுந்து தாயத்தின் பரம்பரையலகுகளை அடக்கிவிடுகிறது. கூட்டம் சேர்ந்தால் படலம் கட்டுவது ஓர் இனம், கூட்டம் சேர்ந்தால் படலத்தை விட்டுப் புறப்படுவது இன்னோர் இனம்.

புறப்படும் கலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் சாவரின் குழு, வெளியேறும் கட்டத்துக் கலங்களின் புரதங்கள் முதிர்ந்த படலத்தினுடையவற்றைவிட நீந்தும் கலங்களினுடையவற்றையே ஒத்திருந்தன என்று கண்டது. வட்டம் நிறைவடைந்ததென்று அனைவரும் நிம்மதியடைந்தனர். ஆனால் 2014இல் சைக்கிளிக்-டை-ஜி.எம்.பி.யைச் செயற்கையாகக் குறைத்துப் படலத்திலிருந்து கலங்களை வெளியேற்றிப் பார்த்த குழு, அவை படலக் கலங்களும் அல்ல, வழக்கமான நீந்தும் கலங்களும் அல்ல, தனியொரு நிலையில் சில காலம் இருக்கின்றன என்றும், கிருமிகளை உண்டு உடலைக் காக்கும் விழுங்கு கலங்களைக் கொல்லும் திறன் அப்போது அவற்றுக்குக் கூடுதலென்றும் காட்டியது. மிகச் சிறிய அளவு நைத்திரிக்கு ஒட்சைட்டைக் கொடுத்தாலே சூடோமோனாசுப் படலம் கலையத் தொடங்கும் என்பது 2006 முதல் தெரியும். அதை மருந்தாக்க விரும்புவோர், கலைந்து வெளிவருபவை இரத்தத்தில் என்ன செய்யும் என்பதையும் உடனுக்குடன் பார்த்தாக வேண்டும். கலைக்கும் பொருளோடு நுண்ணுயிர்கொல்லியையும் சேர்த்தே கொடுப்பதைப் பலர் வலியுறுத்துவது இதனால்தான்.

வயதின் முக்கியத்துவத்தை ஒரே சோதனையில் காட்ட வேண்டுமானால், 2002இல் சிந்தியா விட்சேர்ச்சும் பிறரும் செய்ததை எடுத்துக்கொள்வேன். தாயத்திலுள்ள டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தை அவர்கள் வெவ்வேறு வயதுப் படலங்களின்மேல் ஊற்றினர். 60 மணித்தியாலம் வரையான படலங்கள் கரைந்து போயின. 84 மணித்தியாலப் படலம் பெரிதாக அசையவில்லை. ஒரு நாள் இடைவெளிக்குள் தாயத்தின் கட்டுமானம் அந்த நொதியத்துக்குக் கட்டுப்படாததாகிவிட்டது.

கட்டங்களின் வரிசையை வரைந்த சாவரே, 2022இல் வேறு பல ஆய்வாளரோடு சேர்ந்து, அந்த வரைபடம் எல்லா இடத்துக்கும் பொருந்தாதென்றும், பரப்பில் ஒட்டாமலே கலங்கள் திரள்களாகச் சேர்வதையும் உள்ளடக்க வேண்டுமென்றும் திருத்தி எழுதினார். நாட்பட்ட தொற்றுகளில் காணப்படும் திரள்கள் ஆய்வுகூடக் கண்ணாடியில் வளரும் காளான் வடிவக் கோபுரங்களைப் போல உயர்ந்தவை அல்ல. பெரும்பாலும் சில மைக்குரோமீற்றர் முதல் இருநூறு மைக்குரோமீற்றர் வரையான சிறு உருண்டைகள். வைட்லியும் தம் பங்குக்கு, 2018இல் நோயாளிகளின் சளியிலிருந்தும் புண்களிலிருந்தும் நேரடியாக எடுத்த சூடோமோனாசின் தூது ஆர்.என்.ஏ.யை ஆய்வுகூட வளர்ப்புகளோடு ஒப்பிட்டார். மனித உடலில் இருந்தபோது அது இயக்கிய பரம்பரையலகுகளின் தொகுதி, வழக்கமான ஆய்வுகூட வளர்ப்புகள் காட்டுவதிலிருந்து வேறாக இருந்தது. நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்போடு தொடர்புள்ள சில உடலில் கூடுதலாகவும், கலங்கள் தமக்குள் சமிக்ஞை பரிமாறும் தொகுதிக்குரிய சில குறைவாகவும் இயங்கின. முதிர்ச்சிக்கு இன்றியமையாதது என்று இருபது ஆண்டுகள் கற்பிக்கப்பட்ட அதே சமிக்ஞைத் தொகுதிதான் அது.

எங்கள் தட்டுகளில் நாம் வழக்கமாக 24 மணித்தியாலம் வளர்த்துவிட்டுச் சாயமூட்டுகிறோம். அறிக்கையில் “உயிர்ப்படலம் உண்டாக்கும் இரகம்” அல்லது “உண்டாக்காத இரகம்” என்று ஒரு சொல் போய்ச் சேருகிறது. வைத்தியசாலையிலிருந்து வரும் வடிகுழாயில் அதே இரகம் பத்து நாட்களாவது இருந்திருக்கும். இவ்வாண்டு முதல் அந்த நிரலுக்குப் பக்கத்தில் வளர்ப்பின் வயதையும், ஊடகத்தையும், தட்டைக் குலுக்கி வளர்த்தோமா நிறுத்தி வளர்த்தோமா என்பதையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, படிவத்தில் அதற்கு இடமில்லையே என்றார், பின்புறத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.